கன்ஸ்மோக்: கருப்பு வெள்ளை டிவி வெஸ்டர்னுக்குள் நுழைய ஒரு வாசல்

வெஸ்டர்ன் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் "கௌபாய் படம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். தவறில்லை. தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கும் தெரு, எதிரெதிரே இரண்டு பேர். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லர் புண்ணியத்தில் அந்த ஊர்களெல்லாம் பக்கத்து ஊர் மாதிரி பழக்கம். ஆனால் 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த கருப்பு வெள்ளை வெஸ்டர்ன் தொடர்கள் தனி உலகம். சினிமா வெஸ்டர்ன் மாதிரி பிரம்மாண்டம் கிடையாது, காமிக்ஸ் மாதிரி பக்கத்துக்குப் பக்கம் சாகசமும் கிடையாது, எதை ரசிப்பது என்று யாராவது முதலில் கொஞ்சம் காட்டிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டாக நான் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு தொடரை: கன்ஸ்மோக். 1955-இல் தொடங்கி 1975 வரை 20 ஆண்டு ஓடியது, மொத்தம் 635 அத்தியாயம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கன்ஸ்மோக் என்றால் துப்பாக்கிப் புகை. இன்றைய தோட்டாக்களில் புகை பெரிதாகத் தெரியாது. 1870களில் தோட்டாவுக்குள் இருந்தது பழைய கருமருந்து, விசையை அழுத்தியதும் குழலுக்கு முன்னால் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். ஓர் அறைக்குள் நாலைந்து முறை சுட்டுவிட்டால் எதிரில் இருப்பவன் நிற்கிறானா விழுந்துவிட்டானா என்றுகூடத் தெரியாது. அந்தப் புகை கலைந்த பிறகு யார் மிச்சம், மிச்சம் இருப்பவன் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவான் என்பதுதான் இந்தத் தொடர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கதை நடக்கும் இடம் கான்ஸஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி. கற்பனை ஊர் இல்லை, இன்றும் இருக்கிறது. அந்த ஊர் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி வெஸ்டர்ன் புரிந்துவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்ஸாஸ் முழுக்க நீளக் கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் திரிந்தன. அங்கே ஒரு மாட்டுக்கு 4 டாலர் கிடைத்தால் பெரிது, வடக்கே, கிழக்கே நகரங்களில் அதே மாடு 30, 40 டாலர் வரை போகும். ஆனால் அங்கே கொண்டுபோக டெக்ஸாஸில் ரயில் இல்லை. அதனால் மந்தையை நடத்தியே, மாதக் கணக்கில், நூற்றுக்கணக்கான மைல் வடக்கே ஓட்டிக்கொண்டு போய்க் கான்ஸஸில் ரயிலடி இருக்கும் ஊரில் விற்றார்கள். அப்படி ஓட்டிக்கொண்டு போனவன்தான் கௌபாய். மாதம் 30 டாலர் போலச் சம்பளம் வாங்கிய கூலிக்காரப் பையன், பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவன். இப்போது இன்னொரு சிக்கல்: டெக்ஸாஸ் மாடுகளின் உடம்பில் இருந்த உண்ணி கான்ஸஸ் மாடுகளுக்கு நோயைப் பரப்பியது. டெக்ஸாஸ் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளூர் மாடு செத்துவிழும். உள்ளூர் விவசாயிகள் சும்மா இருப்பார்களா? இந்தக் கோட்டுக்குக் கிழக்கே டெக்ஸாஸ் மாடு வரக்கூடாது என்று சட்டம் வந்தது, விவசாயிகள் மேற்கே குடியேறக் குடியேற அந்தக் கோடும் மேற்கே நகர்ந்தது, மாட்டுச் சந்தை ஊர்களும் அதோடு சேர்ந்து நகர்ந்தன. அபிலீன், எல்ஸ்வொர்த், விசிட்டா, கடைசியில் டாட்ஜ் சிட்டி. டாட்ஜுக்கு 1872-இல் ரயில் வந்தது. 1875 முதல் பத்து ஆண்டு மாட்டு வியாபாரத்தில் கொழித்தது. 1885-இல் மாநிலம் முழுவதும் டெக்ஸாஸ் மாட்டுக்குத் தடை போட்டார்கள், அத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

இப்போது கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம் வெயிலிலும் தூசியிலும் மாட்டுக்குப் பின்னால் வந்த இருபது வயசுப் பையன்கள், கையில் மொத்தமாகச் சம்பளம், எதிரில் வரிசையாகச் சாராயக் கடையும் சூதாட்ட மேசையும். அதே ஊரில் அமைதியாகக் கடை நடத்த விரும்பும் வியாபாரி, பயிர் மிதிபடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் விவசாயி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆசைப்படும் குடும்பங்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே நிற்க ஒருவன் வேண்டும். வெஸ்டர்ன் கதைகளின் அடி வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டம் எழுதியாகிவிட்டது, அதை ஊருக்குள் நடமாட வைக்க ஆள் வேண்டும், அந்த ஆளும் மனிதன்தான்.

அந்த ஆளுக்குப் பல பெயர் இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். ஷெரிஃப் என்பவர் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதி அளவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. நகர மார்ஷல் என்பவர் ஊர் நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆள். அமெரிக்க மார்ஷல் என்றால் மத்திய அரசின் ஆள், அவருடைய எல்லை ஊரைத் தாண்டியும் போகும். கன்ஸ்மோக் நாயகன் மேட் டில்லன் மூன்றாவது வகை. அதனால்தான் சில கதைகளில் அவர் ஊரை விட்டு நாள்கணக்கில் குதிரையில் போகிறார், திரும்பி வரும்போது ஊரில் வேறு ஏதோ நடந்து முடிந்திருக்கிறது. அப்புறம் சலூன். நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை, அங்கே அது மதுக்கடை. கதையில் வரும் லாங் பிராஞ்ச் சலூன் என்ற பெயரில் டாட்ஜில் நிஜமாகவே ஒரு கடை இருந்தது. அதைப் பிறகு பேசுவோம்.

இந்தத் தொடருக்கு முன்னால் டிவியில் வெஸ்டர்ன் இல்லையா என்றால், இருந்தது, ஆனால் குழந்தைகளுக்காக. 1949-இல் வில்லியம் பாய்ட் என்ற நடிகர், தான் நடித்த ஹாப்பலாங் கேசிடி படங்களின் உரிமையைச் சொத்துகளை விற்று வாங்கி, அவற்றை டிவிக்குக் கொடுத்தார். பையன்கள் பைத்தியமாகிவிட்டார்கள், அவர் முகம் போட்ட சாப்பாட்டுப் பெட்டி வரை விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் லோன் ரேஞ்சர் வந்தது. இது டிவிக்கென்றே எடுத்த தொடர். முகமூடி, வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா, கூடவே டான்டோ என்ற பழங்குடித் தோழன். நாயகன் யாரையும் கொல்ல மாட்டான், எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியை மட்டும் குறிபார்த்துத் தட்டிவிடுவான். நல்லவன் நல்லவன்தான், கெட்டவன் கெட்டவன்தான், அரை மணி நேரத்தில் எல்லாம் சுபம். எனக்கு லோன் ரேஞ்சர் மேல் பிரியம் உண்டு, ஆனால் அந்த உலகத்தில் யாருக்கும் வலிப்பதில்லை.

வலிக்கிற வெஸ்டர்ன் முதலில் வந்தது வானொலியில். 1952 ஏப்ரலில் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் கன்ஸ்மோக் தொடங்கியது. தயாரித்து இயக்கியவர் நார்மன் மக்டானல், கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜான் மெஸ்டன். பெரியவர்கள் கேட்பதற்கென்றே எழுதிய வெஸ்டர்ன். குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் மனைவி, பழிவாங்கக் கிளம்பிப் பாதி வழியில் மனசு மாறும் கிழவர், பசியால் திருடியவன் என்று வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாக் கதையும் நன்றாக முடியாது, சில நாள் மார்ஷல் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். வானொலியில் மேட் டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட், கனமான, களைத்த குரல். டிவிக்குப் போகும்போது அவரை எடுக்கவில்லை, ஏனென்றால் ஆள் குட்டை, உடம்பு பருமன். எனக்கு இது இன்றைக்கும் வருத்தம். வானொலித் தொடர் 1961 வரை அவர் குரலோடு தனியாக ஓடிக்கொண்டே இருந்தது என்பது ஆறுதல்.

டிவியில் டில்லனாக வந்தவர் ஜேம்ஸ் ஆர்னஸ். 6 அடி 7 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்ஸியோவில் காலில் குண்டடி பட்டவர், அந்த வலி ஆயுள் முழுக்க இருந்தது. 1955 செப்டம்பர் 10, சனிக்கிழமை இரவு, முதல் அத்தியாயம். கதை ஆரம்பிக்கும் முன் திரையில் வந்து நிற்பவர் ஜான் வெய்ன், அப்போது ஹாலிவுட் வெஸ்டர்னின் ஆகப் பெரிய நட்சத்திரம். இந்தத் தொடர் நேர்மையானது, பெரியவர்களுக்கானது, இந்தப் பையன் புதுசு, பழகிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்.

அடுத்து வரும் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டாட்ஜுக்கு மேலே ஒரு மேடு, பூட் ஹில் என்று பெயர், பூட்ஸ் கழற்றக்கூட அவகாசம் இல்லாமல் செத்தவர்களைப் புதைத்த இடம். டில்லன் கல்லறைகளுக்கு அடையாளமாக நட்ட மரக் கட்டைகளுக்கு நடுவே தனியாக நடக்கிறார். இங்கே கிடப்பவர்கள் ஏன் செத்தார்கள் என்று நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். ஆரம்ப ஆண்டுகளில் பல அத்தியாயங்கள் இந்த மேட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. சாகச நாயகனைக் கல்லறையில் நிறுத்தித் தொடங்கினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் வேறு மாதிரி கேட்கும்.

முதல் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தொடரின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. கதை தெரியாமல் பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டான் கிராட் என்று ஒருவன் ஊருக்கு வருகிறான், மின்னல் வேகத்தில் துப்பாக்கி எடுப்பவன், கொலைக்குத் தேடப்படுபவன். அவனைப் பிடிக்க வந்த வேறு ஊர் அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். டில்லன் போய் அவன் எதிரே நிற்கிறார், அவனைவிட மெதுவாக எடுக்கிறார், சுடப்பட்டு விழுகிறார். ஆமாம், புதுத் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே நாயகன் தோற்று மண்ணில் கிடக்கிறார். பிறகு படுக்கையில் கிடந்து தேறும் நாள்களில் அவர் யோசிப்பதுதான் கதை. இவன் ஏன் ஒவ்வொரு முறையும் எதிரிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறான்? வேகம் இருக்கிறது, ஆனால் தூரத்தில் குறி தப்பும், அது அவனுக்கே தெரியும், அதனால்தான் பக்கத்தில் வருகிறான். காயம் ஆறாத உடம்போடு டில்லன் மறுபடி தெருவுக்குப் போகிறார், இந்த முறை நெருங்க விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், சில அடி தூரம். வேகத்தை வேகத்தால் வெல்வார் என்று நாம் காத்திருந்தால், அவர் கவனித்துப் பார்த்தே வெல்கிறார்.

சரி, ஏன் கருப்பு வெள்ளை? கலர் இல்லாத காலம் என்று நினைத்தால் அது முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் கலர் ஒளிபரப்புக்கான தரம் 1953 டிசம்பரிலேயே அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் 1954-இல் வந்த ஆர்சிஏ கலர் டிவியின் விலை 1,000 டாலர், அன்றைக்கு அது ஒரு காரின் விலையில் பாதிக்கு மேல். யார் வாங்குவார்கள்? தவிர ஆர்சிஏ என்பது என்பிசி சேனலின் முதலாளி. கலர் டிவி விற்றால் எதிரிக்கு லாபம் என்பதால் கன்ஸ்மோக்கை ஒளிபரப்பிய சிபிஎஸ்ஸுக்குக் கலரில் அவசரம் இல்லை. என்பிசி 1959-இல் பொனான்ஸா என்ற வெஸ்டர்ன் தொடரைக் கலரில் கொண்டுவந்தது, சிபிஎஸ்ஸின் கன்ஸ்மோக் 1966-இல்தான் கலருக்கு மாறியது. அதற்குள் 409 அத்தியாயம் கருப்பு வெள்ளையில் முடிந்துவிட்டது.

பணம் மிச்சம் பிடித்ததோடு கருப்பு வெள்ளை இந்தக் கதைகளுக்கு நிஜமாகவே பொருந்தியும் போனது. இரவுக் காட்சியை நட்டநடு வெயிலில் எடுப்பார்கள், கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடி வைத்தால் நீல வானம் கருத்துவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பதிவு செய்தால் நிலாக் காலம் மாதிரி ஆகிவிடும். கலரில் இதே வேலையைச் செய்தால் பார்க்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துபோகும். பழைய படங்களிலிருந்து மாட்டு மந்தை ஓடும் காட்சியை வெட்டி ஒட்டினாலும் நிறம் ஒத்துப்போகுமா என்ற கவலை இல்லை. தெருவே பல நேரம் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் திறந்த வெளியில் பேசும் குரல் கூரைக்குக் கீழே பேசுவது போல ஒலிக்கும், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் நிழல் விழும். முதலில் இதெல்லாம் குறையாகத் தெரியும், கொஞ்ச நாளில் அந்தச் செட் தெருவே நாடக மேடை மாதிரி ஆகி, மனசு நடிகர்களின் முகத்துக்குப் போய்விடும்.

இந்தத் தொடர்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின, ஒளிபரப்பானதோடு காற்றில் கரைந்தவை ஏராளம். குதிரையை வைத்து அறைக்குள் நேரலை நடத்த முடியுமா? வெஸ்டர்னுக்குப் பிலிம் வேண்டும், வெளி வேண்டும், அதனால் கலிபோர்னியா போக வேண்டும். பிலிமில் எடுத்ததால் மறு ஒளிபரப்புச் செய்ய முடிந்தது, வெளிநாட்டுக்கு விற்க முடிந்தது, 70 ஆண்டு கழித்து உங்கள் கைப்பேசியில் இவ்வளவு தெளிவாகவும் தெரிகிறது.

முதல் ஆறு பருவம் (சீசன்) ஒவ்வொரு அத்தியாயமும் அரை மணி நேரம். விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது 26 நிமிடம் போல. அந்த நாளில் நிகழ்ச்சிக்குப் பணம் போட்டவர்கள் சிகரெட் கம்பெனிக்காரர்கள், எல் அண்ட் எம் சிகரெட் விளம்பரம் தொடரோடு ஒட்டியே வரும். 26 நிமிடத்தில் புது ஆளை அறிமுகம் செய்து, அவன் சிக்கலைச் சொல்லி, முடித்தும் வைக்க வேண்டும். வானொலிக்கு எழுதிப் பழகிய மெஸ்டனுக்கு இது கைவந்த கலை, ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து மூன்று வரி பேசினால் அவன் வாழ்க்கையே தெரிந்துவிடும். 1961-இல் ஒரு மணி நேரமாக நீட்டினார்கள். பல ரசிகர்களுக்கு அந்த நீளமான கதைகள் பிடிக்கும், ஆனால் என்னைக் கேட்டால் கன்ஸ்மோக்கின் உயிர் அந்த 233 அரை மணி நேரத்தில் இருக்கிறது. நீட்டிய பிறகு கதைக்குள் காற்று புகுந்துவிட்டது.

டில்லனைச் சுற்றி மூன்று பேர். டாக் ஆடம்ஸ், ஊர் டாக்டர், மில்பர்ன் ஸ்டோன் நடித்தது. வாயைத் திறந்தால் முணுமுணுப்பு, ஆனால் குண்டு எடுத்தே களைத்த கைகள். கிட்டி, லாங் பிராஞ்ச் சலூனின் பங்குதாரர், அமாண்டா பிளேக். டில்லனுக்கும் கிட்டிக்கும் நடுவே இருப்பதை வசனம் எங்கேயும் உடைத்துச் சொல்லாது. 20 ஆண்டில் கல்யாணமும் நடக்காது. வேலைக்குக் கிளம்பும் அவரைக் கிட்டி வாசலில் நின்று பார்க்கும் பார்வையில் எல்லாம் இருக்கும். அப்புறம் செஸ்டர், டில்லனின் உதவியாள், ஒரு காலை விறைப்பாக இழுத்து நடப்பவர். நடித்த டென்னிஸ் வீவர் நிஜத்தில் விளையாட்டு வீரர், 1948 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில், பத்து விளையாட்டுகள் சேர்ந்த டெகத்லானில் ஆறாவதாக வந்தவர். அப்படிப்பட்டவர் ஒன்பது ஆண்டு ஒரு காலை மடக்காமலே நடந்து, ஓடி, குதிரை ஏறினார் என்று தெரிந்த பிறகு செஸ்டர் காபி போடுவதைக்கூட நான் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். 1959-இல் அவருக்கு டிவிக்கான எம்மி விருது கிடைத்தது.

1955 செப்டம்பரில் ஒரே மாதத்தில் வயட் எர்ப், கன்ஸ்மோக், ஷயான் என்ற மூன்று வெஸ்டர்ன் தொடர்களும் தொடங்கின. பெரியவர்களுக்கான வெஸ்டர்ன் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் நிலைத்தது. 1950-இல் நூற்றுக்கு ஒன்பது வீட்டில் டிவி இருந்த நாடு, 1960-க்குள் 85-ஐத் தாண்டிவிட்டது, அந்த வீடுகளிலெல்லாம் குதிரைக் குளம்புச் சத்தம். 1958–59 பருவத்தில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் பத்து நிகழ்ச்சிகளில் ஏழு வெஸ்டர்ன். முதலிடம் கன்ஸ்மோக், அடுத்து வேகன் டிரெயின், மூன்றாவது ஹேவ் கன் வில் டிராவல். பிறகு ஹாலிவுட் நட்சத்திரமான ஸ்டீவ் மெக்வீன் இந்த அலையில்தான் வந்தார். ராஹைட் தொடரில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டை இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே பார்த்து அழைத்துக்கொண்டு போனது நமக்கெல்லாம் தெரிந்த பிற்காலக் கதை.

இனி லாங் பிராஞ்ச். நிஜ டாட்ஜில் 1879 ஏப்ரல் 5 அன்று அந்தச் சலூனுக்குள் லெவி ரிச்சர்ட்சன், ஃபிராங்க் லவிங் என்ற இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். தெரு இல்லை, உச்சி வெயில் இல்லை, நிதானமாக எண்ணிக்கொண்டு நடப்பதும் இல்லை. ஒரு மேசை அருகே வாய்ச்சண்டையில் தொடங்கி, துப்பாக்கிகள் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் நின்று மாறி மாறிச் சுட்டார்கள், அவ்வளவு பக்கத்திலும் குண்டுகள் தப்பின. ரிச்சர்ட்சன் செத்தார், லவிங்குக்குக் கையில் கீறல். திரையில் வரும் நேருக்கு நேர் மோதல் நிஜத்தில் மிக அபூர்வம், 1865-இல் மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக் என்ற துப்பாக்கி வீரர், டட் என்பவரைச் சுட்டது அப்படிப்பட்ட ஒன்றிரண்டில் அடங்கும். டாட்ஜ் எல்லைக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரியவே தடை இருந்தது, நுழைந்ததும் ஒப்படைக்க வேண்டும். கான்ஸஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ரா, 1870 முதல் 1885 வரை அங்கே நடந்த கொலைகள் மொத்தம் 45 என்று எண்ணிச் சொன்னார். டிவி டாட்ஜில் ஒரே ஆண்டில் அதைத் தாண்டியிருப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். அன்றைய கௌபாய்களில் நாலில் ஒருவர் போலக் கருப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மெக்சிகோக்காரர்களும் கணிசம், ராஞ்ச், ரோடியோ, லாசோ என்ற சொற்களெல்லாம் அவர்களுடைய ஸ்பானியத்திலிருந்து வந்தவை. இந்தத் தொடர்களின் தெருவில் அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பழங்குடி மக்களின் நிலைமை அதைவிட மோசம், பேசத் தெரியாத துணையாள் அல்லது மலை முகட்டில் தோன்றும் ஆபத்து. டான்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த மோஹாக் இனத்தவர், கம்பீரமான நடிகர், அவருக்கு எழுதிக் கொடுத்த உடைந்த ஆங்கில வசனங்களை இன்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிறகு அவர் பழங்குடி நடிகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார். கன்ஸ்மோக்கை நான் இவ்வளவு நேசித்தாலும் அதன் டாட்ஜ் இந்த விஷயத்தில் பாதி ஊர்தான்.

ஒரே மாதிரி தொடர்கள் அளவுக்கு மீறி வந்ததும் 1960களில் அலை அடங்கியது. 1967-இல் கன்ஸ்மோக்கையும் நிறுத்த முடிவு செய்து, சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டதால் திங்கள் இரவுக்கு மாற்றி இன்னும் எட்டு ஆண்டு ஓட்டினார்கள். 1975 மார்ச் 31 அன்று கடைசிப் புதுக் கதை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது, நம் வீடுகளுக்கு டிவி வருவதற்குள் டில்லன் பேட்ஜைக் கழற்றிவிட்டார். நிஜ டாட்ஜ் சிட்டியோ 1958-இலேயே ஒரு தெருவுக்குக் கன்ஸ்மோக் தெரு என்று பெயர் வைத்துவிட்டது.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: முதல் பருவத்தின் 39 அத்தியாயங்களில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், வரிசை அவசியமில்லை, ஒவ்வொன்றும் தனிக் கதை. கலர் அத்தியாயங்களில் தொடங்க வேண்டாம். ஓரளவு பழகியதும் ஒரு கதையைப் படம் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள், வானொலிக்குப் பிறந்த எழுத்து என்பது உடனே புரியும். சண்டை முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சுட்ட பிறகு டில்லன் துப்பாக்கியை உறையில் போடும் அந்த ஒரு நொடியில் ஆர்னஸ் முகத்தைப் பாருங்கள். சில கதைகளில் அவர் செத்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போவார், செஸ்டர் அந்தக் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார், தெருவில் ஒருவர் பின் ஒருவராகக் கதவு திறந்து ஆள்கள் எட்டிப் பார்ப்பார்கள்.